டீசல் மூடியில் இரண்டு கோட்டுப் பச்சை

ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஐந்து பேருக்கும் இதை எழுதுகிறேன். ஐந்தில் ஒருவர் பெண் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். அந்தக் கொட்டகைக்குள் ஒரு பெண் மெக்கானிக் வர இத்தனை வருஷம் பிடித்ததுதான் வெட்கக்கேடு. உங்கள் பெயர்கள் எனக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. ஒரு நாள் போர்ட் பிளேர் லம்பா லைனில் என் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனால் ஆகிவிடும்.

போன வாரம் நீங்கள் போன் செய்து, பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும் மூன்று பழைய டிராக்டர்களை எப்படி ஸ்டார்ட் பண்ணுவது என்று கேட்டீர்கள். அதற்கு மேனுவல் இருக்கிறதா என்று ஒரு தம்பி விசாரித்தார். இருந்தது. கரையான் முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை முடித்துவிட்டது. டீசல் லைனில் காற்று எடுப்பது, வால்வு இடைவெளி வைப்பது எல்லாம் ஒரு மத்தியானத்தில் பழகிவிடலாம். நேரில் வாருங்கள், காட்டுகிறேன்.

எழுதிச் சொல்ல வேண்டியது வேறு. நாலு பேர் சுற்றி நிற்கும்போது, படகுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது, “மிஸ்திரி, என்ன சொல்றீங்க?” என்று ஒருவர் கேட்பார். அப்போது நம் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் இந்தத் தொழில். அந்த இடத்தில் நான் நன்றாக ஒரு தடவை சறுக்கினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் கட்டைவிரல். அந்த வண்டிகளுக்கு பேட்டரி கிடையாது, முன்னால் ஹேண்டில் செருகிச் சுற்ற வேண்டும். சுற்றும்போது கட்டைவிரல் மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும், ஹேண்டிலைச் சுற்றிக் கட்டிப்பிடிக்கக் கூடாது. நான் சேர்ந்தபோது இருந்த போர்மேன் எனக்குக் காலை வணக்கம் சொன்னதே இல்லை. “அங்கூட்டா” என்பார். இந்தியில் கட்டைவிரல். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். எட்டாவதோ ஒன்பதாவதோ நாள் இன்ஜின் திருப்பி அடித்தது. ஹேண்டில் என் கையை உதறிவிட்டுப் பின்பக்கமாகச் சுழன்றது. விரல் உள்ளே மாட்டியிருந்தால் இந்தப் பேனாவை நான் பிடித்திருக்க முடியாது. அவர் தலையைக்கூடத் தூக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து எனக்கு “குட் மார்னிங்” கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

லாங் ஐலண்டில் நம் துறைக்கு ஒரு டிராக்டர். நான் பிறப்பதற்கு முன்பே கப்பலேறி வந்தது. காட்டு மரம் இழுக்க வந்த வண்டி, மரவேலை ஓய்ந்த பிறகு ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இறங்கும் எல்லாவற்றையும் இழுத்தது. அரிசி மூட்டை, சிமெண்ட், காஸ் சிலிண்டர், அவசரமாகப் படகுக்குப் போக வேண்டிய நோயாளி என்று அது ஏற்றாதது இல்லை. தீவில் எல்லோரும் அதை ‘புட்டா’ என்பார்கள். இந்தியில் கிழவன்.

கிழவனை ஓட்டியவர் முத்தையா. அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்தவர்கள். முத்தையா வேலை கிடைத்து லாங் ஐலண்டுக்கு வந்தார், அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். மனைவி ராசம்மா ஜெட்டிக்குப் போகும் பாதையில் டீக்கடை வைத்திருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர் முத்தையா, அதனால் எனக்கு ‘அண்ணே’ போடுவார். அந்த இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து காது கொஞ்சம் மந்தம். அவரிடம் பேசுகிற எல்லோரும் சண்டை போடுகிற மாதிரிதான் இருக்கும்.

எனக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது புட்டாவைக் கண்டம் பண்ண கமிட்டி போட்டார்கள். கண்டம் பண்ணுவது என்னவென்று உங்களுக்கும் சீக்கிரம் தெரியவரும். ‘இது இனி உதவாது’ என்று மூன்று பேர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வண்டி பழைய இரும்பாகிவிடும். மூன்று பேரில் ஒருவர் இன்ஜினியர் சார், பெங்காலிக்காரர், நேர்மையானவர். இன்னொருவர் பைலைச் சுமந்து வரும் கிளார்க். மூன்றாவது, வண்டி தெரிந்த ஆள் என்ற பெயரில் நான். மற்ற இருவரும் என் வாயைப் பார்த்துத்தான் பேனாவைத் திறப்பார்கள்.

வண்டி போனால் டிரைவர் வேலையும் லாங் ஐலண்டிலிருந்து போய்விடும். முத்தையாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருந்தது. அந்த இரண்டு வருஷமும் அவர் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி, ஓட்ட வண்டியில்லாமல் ஏதாவது ஒரு ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு தேய்க்க வேண்டும். ராசம்மா கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு வரமுடியாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாரம்கூடப் பிரிந்திராத ஜோடி. சாயந்திரம் ராசம்மா கடையை மூடினால் முத்தையா புட்டாவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார். பாத்திரங்களையும் ராசம்மாவையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அரசாங்க வண்டியில் பெண்டாட்டியை ஏற்றலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கமிட்டி விதி இதுதான். வண்டியை ஹேண்டிலால் ஸ்டார்ட் பண்ண வேண்டும். மணல் ஏற்றிய டிராலியோடு அரைமணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் வண்டி தப்பும், நின்றால் கண்டம்.

தேதி வந்ததும் முத்தையா எனக்குப் போன் பண்ணினார். லாங் ஐலண்டில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. பாதி வார்த்தை அவருக்குக் கேட்கவில்லை, பாதி எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவர் கேட்டது இதுதான்: நான் என்ன செய்து வைக்க வேண்டும்?

வண்டி ஓடுகிறதா என்று கேட்டேன். நேற்றுதான் நாலு நடை சிமெண்ட் இறக்கினேன் என்றார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். அனுபவஸ்தன் இல்லையா, மூடுவேனா? “நல்லா ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சு வை முத்தையா. ஆபீசர் கண்ணுக்கு முதல்ல பெயிண்டுதான் தெரியும். ஒரு இடம் விடாம அடி” என்று கத்தினேன்.

நம் தீவுகளில் இது ஊரறிந்த சம்பிரதாயம். ஆபீசர் டூர் வருகிறார் என்றால் ஆபீசருக்கு முன்னால் பெயிண்ட் டப்பா வந்து இறங்கும். பாதையோரக் கல்லுக்கு வெள்ளை, மரத்துக்கு இடுப்பு வரை காவி, ஜெட்டியில் கயிறு கட்டும் கட்டைக்குக் கறுப்பு. ஒரு தடவை டிகிலிப்பூரில், அடித்த பெயிண்ட் காயாத பெஞ்சில் பெரிய ஆபீசர் ஒருவர் உட்கார்ந்து எழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்போதும் யாரும் பாடம் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

குறிப்பிட்ட நாளில் ரங்கத்தில் தங்கியிருந்து, காலையில் ஏரட்டா ஜெட்டியில் படகு பிடித்து லாங் ஐலண்டில் இறங்கினோம். திரும்பும் படகு இரண்டு மணிக்கு. ஜெட்டியை ஒட்டிய மைதானத்தில் புட்டா நின்றிருந்தது. எனக்கே அடையாளம் தெரியவில்லை. கப்பல் தளத்துக்கு அடிக்கிற அந்தக் கெட்டியான பச்சைப் பெயிண்ட் எங்கேயோ மிச்சம் கிடைத்திருக்கிறது. முத்தையா நான் சொன்ன ஒரு கோட்டுக்கு இரண்டு கோட்டாக அடித்திருந்தார். பானட், மட்கார்ட், சீட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங், டிராலிச் சங்கிலி எல்லாம் பச்சை. டூல் பாக்ஸ் திறக்கவே வரவில்லை. இன்ஜினியர் சார் சுற்றி வந்து பார்த்து, ‘படியா’ என்றார், பிரமாதமாம். முத்தையா முகத்தில் பூரிப்பு. என் முகத்திலும்தான்.

முத்தையா ஹேண்டிலைச் செருகினார். கட்டைவிரல் சரியான பக்கத்தில் இருந்தது. ஒரே சுற்று. கிழவன் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டான். படகுத்துறையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். டிராலியோடு வண்டி மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தது.

பன்னிரண்டு நிமிஷம். அப்புறம் மூச்சு வாங்கியது, இரண்டு உதறல் உதறியது, நின்றுவிட்டது.

நான் அவசரமில்லாமல் போனேன். பெரிய டாக்டர் வார்டுக்குள் நுழைகிற நடை. டீசல் இருக்கிறதா என்று டேங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்கும்படி முத்தையாவிடம் சொல்லிவிட்டு, மறுபக்கம் குனிந்து பில்டரைக் கழற்றினேன். கொஞ்சம் கசடு இருந்தது. துடைத்து மாட்டி, காற்றை எடுத்து, சுற்றச் சொன்னேன். உடனே பிடித்தது. பில்டரில் கசடு சார், இப்போது சரி என்று கையைத் துடைத்துக்கொண்டேன். மறுபடி பன்னிரண்டு நிமிஷம், மறுபடி நின்றது. இந்தத் தடவை டேங்கைத் திறக்கச் சொல்லி, டீசல் குழாயை வாயால் ஊதினேன். உடனே பிடித்தது. குழாய் அடைப்பு சார் என்றேன். அதுவும் பன்னிரண்டு நிமிஷம்தான்.

மூன்றாவது தடவை நின்றபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சார் என்னைப் பார்த்தார், கிளார்க் என்னைப் பார்த்தார், படகுக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் அத்தனை பேர் முன்னால் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டேன். வாயில் தயாராக இருந்த வார்த்தையைச் சொன்னேன்.

“உப்பு சார். டீசல் பம்புக்குள்ள உப்பு ஏறிடுச்சு.”

இந்தத் தீவுகளில் நமக்கு எல்லாவற்றுக்கும் உப்புதான் பதில். பேன் சுற்றவில்லையா, உப்பு. பூட்டு திறக்கவில்லையா, உப்பு. கடல் நாலு பக்கமும் இருக்கிறது, யார் மறுத்துப் பேச முடியும்? பத்துக்கு எட்டு தடவை உண்மையும் அதுதான். அதனாலேயே மீதி இரண்டு தடவை நாம் யோசிப்பதில்லை. அந்தப் பம்புக்கு மெயின்லாண்டிலும் சாமான் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பக்காவா? பக்கா என்றேன். கிளார்க் தாளை நீட்டினார். ‘மேற்கொண்டு பயன்படுத்தத் தகுதியற்றது’ என்ற வரிக்குக் கீழே முதல் கையெழுத்து என்னுடையது. மற்ற இருவரும் திரும்பும் வழியில் ரங்கத்தில் வைத்துப் போடுவதாக ஏற்பாடு. முத்தையா வண்டியின் மட்கார்டில் படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு ராசம்மா கடையில். சூரை மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல், சோறு. சாரும் கிளார்க்கும் சாப்பிட்டுவிட்டு ஜெட்டிக்கு நடந்தார்கள். நான் கடைசியாக உட்கார்ந்தேன். எப்போதும் என்னோடு வாயாடுகிற ராசம்மா குழம்பு ஊற்றினார், சம்பல் வைத்தார், எதிரே நின்றார்.

“அண்ணே, பெயிண்டு அடிக்கிறதுக்கு மொத நாளு நாலு நடை சிமெண்டு ஏத்தினிச்சு. அதுக்கப்புறம் பெயிண்டு காயட்டும்னு நிப்பாட்டி வச்சாரு. இன்னிக்குத்தான் எடுக்குறாரு. பத்து நாளு சும்மா நின்னதுக்கா அம்புட்டு உப்பு ஏறும்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டீ போடுகிறவர் எனக்குப் பம்பைப் பற்றிச் சொல்லித் தருகிறாரே என்கிற கோபம். உப்பு என்ன உன்னிடம் சொல்லிவிட்டா ஏறும் என்று கேட்டுவிட்டேன். அவர் உள்ளே போய்விட்டார். நான் இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாய் இறங்கவில்லை. மீன் முள் இல்லை, அந்தக் கேள்விதான். பத்து நாளைக்கு முன்பு நாலு நடை சிமெண்ட் இழுத்த வண்டி. அதற்கப்புறம் அதற்கு என்ன நடந்தது? ஒன்றே ஒன்றுதான் நடந்தது.

கையைக் கழுவிவிட்டு மைதானத்துக்கு நடந்தேன். நடந்தேனா ஓடினேனா தெரியாது. முத்தையா வண்டிக்குப் பக்கத்தில் டீசல் கேனோடு நின்றார். சாரின் பெட்டிகளை டிராலியில் ஏற்றி ஜெட்டி முனை வரை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாராம். ஆள் இருக்கிற வரைக்கும் வேலை இருக்கிறது என்றார். சொல்லிக்கொண்டே டேங்க் மூடியைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட மூச்சு. டேங்க் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற சத்தம்.

முத்தையாவுக்கு அது கேட்டிருக்காது. காலையில் இரண்டு தடவையும் அவர்தான் திறந்தார், நான் மறுபக்கம் குனிந்து மேதாவித்தனம் பண்ணிக்கொண்டிருந்தேன். மூடியை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். மேலே பச்சை, கீழே பச்சை, சுற்றிப் பச்சை. அந்த மூடியின் நடுவில் ஒரு பொடித் துளை உண்டு. டீசல் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்க் டீசலைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இன்ஜின் பட்டினி கிடந்து நிற்கும். மூடியைத் திறந்து மூடினால் இன்னும் பன்னிரண்டு நிமிஷம் ஓடும். நான் பில்டரைத் துடைத்ததும் குழாயை ஊதியதும் வெறும் கூத்து. ஒரு இடம் விடாமல் அடி என்று சொன்னவன் நான். அவர் விடவில்லை.

“ராசம்மா, ஊக்கு இருக்கா?” என்று கத்தினேன். கோபத்தில் இருந்தாலும் ஓடி வந்தார். எதற்கு என்று கேட்காமல் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றித் தந்தார். காய்ந்த பெயிண்ட் கல் மாதிரி இருந்தது. குத்திக் குத்தி, ஊக்கு வளைந்து, ஒரு வழியாகத் துளை திறந்தது. வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன், காற்று போனது.

மணி ஒன்று முப்பது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் அரைமணி ஓட்டிப் பார்த்துவிட்டு, நிச்சயம் செய்துகொண்டு, அப்புறம் சாரிடம் போகலாம். அதற்குள் படகு போய்விடும், என் கையெழுத்தும் அதில் போய்விடும். ஓட்டிப் பார்க்காமலே போய்ச் சொன்னால், வண்டி நாலாவது தடவையும் நின்றால், என்னைவிடப் பெரிய கோமாளி அந்தமானில் இருக்கமாட்டான். காலையில் கௌரவத்தைப் பார்த்துத்தான் இந்த வினை வந்தது. இன்னொரு தடவை பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். முத்தையாவிடம் சொன்னேன்: ஸ்டார்ட் பண்ணு, மணல் டிராலியோடு ஜெட்டி மைதானத்தில் சுற்று, நான் சொல்லும்வரை நிறுத்தாதே.

ஒன்று முப்பத்திரண்டுக்கு வண்டி பிடித்தது. நான் ஜெட்டி முனைக்குப் போய்ச் சேரும்போது படகு வந்து கட்டியிருந்தது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சார் மைதானத்துப் பக்கம் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டமான வண்டி ஏன் ஓடுகிறது என்று கேட்டார். பம்பில் இருந்த உப்பு கரைந்து வழிவிட்டிருக்கும் சார் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். நாக்கு நுனி வரை வந்ததையும் மறைக்கமாட்டேன்.

“உப்பு இல்ல சார். டேங்க் மூடித் துளையைப் பெயிண்ட் அடைச்சிடுச்சு. பெயிண்ட் அடிக்கச் சொன்னதும் நான்தான்.”

அவர் “லிக் கே தேங்கே?” என்றார். எழுதித் தருவீர்களா என்கிறார். தருகிறேன் என்றேன். கிளார்க்குக்குப் பைலை மறுபடி திறப்பதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆபீஸ் தாளில் கையெழுத்தை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். என் ஆலோசனையின் பேரில் அடித்த பெயிண்டால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டது, பம்பில் கோளாறு இல்லை என்று எழுதினேன். கிளார்க் அதைச் சரிபார்க்கிறேன் என்று சத்தமாக வாசித்தார். படகில் ஏறியவர்களுக்கு இந்தி தெரியும், சிரிப்பும் தெரியும். படகே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், உள்ளூர்ப் பெயிண்டா மெயின்லாண்ட் பெயிண்டா என்று விசாரித்தார்.

ஆனால் வண்டி இன்னும் அரைமணியைத் தொடவில்லை. பன்னிரண்டாவது நிமிஷம் நெருங்கும்போது சிரிப்பு அடங்கியது. எல்லோருக்கும் காலையில் நடந்தது தெரியும். பதின்மூன்று ஆனது. பதினான்கு. பதினைந்தில் யாரோ விசில் அடித்தார்கள். புட்டா பாட்டுக்குச் சுற்றியது. முத்தையா எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராசம்மா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

இரண்டு மணிக்குப் படகு ஹாரன் அடித்தது. சாரங்கு, அதாவது படகோட்டி, கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். அவருக்கு அலையும் நேரமும்தான் முக்கியம். சார் கடிகாரத்தைப் பார்த்தார், பைலை வாங்கினார், பேனாவைத் திறந்தார். ‘அரைமணி நேரம் திருப்திகரமாக ஓடியது’ என்று எழுதி, கையெழுத்துப் போடக் குனிந்தார்.

இருபத்தெட்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. அந்தத் தாளில் ஏற்கெனவே என் பொய்க் கையெழுத்து ஒன்று அடிபட்டுக் கிடந்தது. அதே தாளில், அதே வண்டிக்காக, இன்னொன்று விழப்போகிறது. நாளைக்கு யாராவது இந்த வண்டியின் பைலைக் கிளறினால் அந்த மனுஷனும் என்னோடு மாட்டுவார், முத்தையாவின் வண்டியும் போகும். இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்கிறேன். அப்போது வார்த்தை தானாக வந்துவிட்டது.

“சார், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.”

ராசம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கையில் கரண்டி இருந்திருந்தால் என் தலை பிளந்திருக்கும். சார் பேனாவை நிறுத்தினார். அவர் முகத்தில் கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பைலோடு படகில் ஏறினார். கிளார்க்கும் ஏறினார். நானும் காலைத் தூக்கினேன். சார் கையை நீட்டித் தடுத்துவிட்டார். கியர் பாக்ஸில், மற்ற இடங்களில் எத்தனை துளையை அடைத்திருக்கிறீர்களோ அத்தனையையும் நீங்களே சுரண்டித் திறந்துவிட்டு நாளைய படகில் வாருங்கள் என்றார். படகு விலகியது.

அந்த இரண்டு நிமிஷம் இருக்கிறதே. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சத்தம் ஒரு நொடி தடுமாறியது. ராசம்மா என் முழங்கையைப் பிடித்தார், நகம் பதிந்த தடம் அடுத்த நாள் வரை இருந்தது. சத்தம் சரியானது. தண்ணீரில் படகு ஐம்பது கஜம் போயிருக்கும். சார் பின்பக்கக் கம்பியில் சாய்ந்து நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைலைக் கம்பிமேல் வைத்துக் குனிந்து எழுதினார். நிமிர்ந்து, தாளை எங்கள் பக்கம் தூக்கிக் காட்டினார். அத்தனை தூரத்தில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. படகிலிருந்தவர்கள் கை தட்டியது நன்றாகவே கேட்டது.

முத்தையா இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன், காதில் விழவில்லை. ராசம்மா மைதானத்தின் நடுவில் போய், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து வண்டிக்கு எதிரே நின்றார். வண்டி அவருக்கு நாலடி முன்னால் நின்றது. முத்தையா இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கவே இல்லை, நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கையைப் பிடித்து இறக்கினோம். டீசல் தீர்ந்தால்தான் நிறுத்துவது என்று உட்கார்ந்திருந்தாராம். கையெழுத்து விழுந்துவிட்டது என்று அவர் காதில் சொன்னேன். இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது தடவை தீவுக்கே கேட்கச் சொன்னேன். அவருக்கு முதல் தடவையே கேட்டிருக்கிறது, மறுபடி மறுபடி கேட்க வேண்டும்போல இருந்திருக்கிறது.

நான் ராசம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சாப்பிடும்போது பேசிய பேச்சுக்கும், காலையில் போட்ட கையெழுத்துக்கும் சேர்த்துத்தான். அவர் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, கடைப்பக்கம் திரும்பி நடந்தபடியே பதில் சொன்னார்.

“இன்னிக்கு ரெண்டு தடவை எங்க வவுத்துல அடிச்சீங்கண்ணே. மொத அடி வலிச்சிச்சு. ரெண்டு நிமிசம் இருக்குன்னு அடிச்ச ரெண்டாவது அடிக்கு நான் அடுப்பு மூட்டப் போறேன், வந்து ஒழுங்கா சாப்புடுங்க.”